அட்டை அவருடையது, ஆள் வேற

பரீட்சைக்கு முதல்நாள் இரவு, படிக்க வேண்டியதைத் தவிர மற்ற எல்லாமே சுவாரசியமாக இருக்கும். அப்படியொரு இரவிலதான் அறை நண்பன் போனை நீட்டி, "உதில என்ன பிழை எண்டு சொல்லு பாப்பம்" என்றான்.

போனில் இருந்தது ஒரு பழைய கூடைப்பந்து அட்டை. என்.பி.ஏ. ஹூப்ஸ் என்ற பெயரில் 1990-91 பருவத்துக்கு வந்த தொடரில் 223ஆம் இலக்கம். வெள்ளி நிற விளிம்பு. பெயர் சாம் வின்சென்ட், அணி ஓர்லாண்டோ மெஜிக். படத்தில் அவர் பந்தோடு நிற்கிறார். அவரை மறிக்க நிற்கிறவர் சிக்காகோ புல்ஸின் சிவப்பு ஜேர்சி போட்டிருக்கிறார், எண் 12.

"ஒரு பிழையும் தெரியேல்லையே."

"முகத்தைப் பார், முகத்தை."

பார்த்தேன். மைக்கேல் ஜோர்டான்!

கூடைப்பந்து பாக்காதவைக்கு இதில் என்ன பகிடி என்று விளங்காமல் போகலாம். 23 எண்டால் ஜோர்டான், ஜோர்டான் எண்டால் 23. ஒரு ஆட்டமும் முழுசாப் பார்த்திராத பெடியள்கூட 23 போட்ட சிவப்பு ரீசேர்ட்டோட திரியினம். மியாமி ஹீட் அணி 2003இல் 23ஆம் எண்ணை இனி எங்கட வீரர் எவரும் போடக் கூடாது என்று ஓய்வு கொடுத்தது. இத்தனைக்கும் ஜோர்டான் அந்த அணிக்கு ஒரு நாளும் விளையாடினதில்லை. அப்படிப்பட்ட எண் இல்லாமல், முதுகில் பெயரும் இல்லாத ஒரு 12ஆம் எண் ஜேர்சியோட மனுசன் நிற்கிறார். ஆரோ அண்ணாவின்ர யூனிபோர்மை அவசரத்தில இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வந்த பிள்ளை மாதிரி.

நடந்தது இதுதான். 1990 பெப்ரவரி 14, காதலர் தினம். ஓர்லாண்டோவில் ஆட்டம். தொடங்குவதற்கு முன்னம் உடைமாற்றும் அறையில் இருந்து ஜோர்டானின் ஜேர்சியை ஆரோ களவெடுத்துவிட்டார்கள். பார்வையாளர்களில் 23 போட்டிருந்த ஒருவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்ததாகவும், அது அளவில்லாமல் போனதாகவும் கதை சொல்வார்கள். கடைசியில் அணி மேலதிகமாகக் கொண்டு போயிருந்த, பெயர் அச்சிடாத 12ஆம் எண் ஜேர்சிதான் கைகொடுத்தது. அந்த ஒரு இரவு மட்டும் ஜோர்டான் 12. அந்த இரவில் எடுத்த படம் ஒன்று எப்படியோ சாம் வின்சென்டின் அட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு நாங்கள் நல்லாச் சிரித்தோம். அட்டை என்றால் அந்த வீரனைக் காட்டத்தானே? நூற்றுக்கணக்கான படங்களில் இருந்து ஒன்றைத் தெரிவு செய்தவர், உலகத்திலேயே பிரபலமான ஆளை, அதுவும் வாழ்நாளில் ஒருக்காத்தான் போட்ட எண்ணோட, இன்னொருவருடைய அட்டையில் கொண்டு வந்து வைத்திருக்கிறார். இது எப்படியென்றால், உங்கட கலியாண அல்பத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் நீங்கள் ஓரமாக நிற்க, சாப்பாட்டு வரிசையில் நிற்கிற சினிமா நடிகர் நடுவில் தெரிகிற மாதிரி. "பாவம் வின்சென்ட், தன்ர அட்டையிலயே துணை நடிகர்" என்று நான்தான் சொன்னேன். என்ர பகிடிக்கு நானே கூடச் சிரித்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு, படிக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் வேண்டும் என்பதற்காக, ஆர் இந்த வின்சென்ட் என்று தேடினேன். தேடத் தேடச் சிரிப்பு முதலில் கூடியது, பிறகு மெல்ல மெல்ல நின்றுபோனது.

கூடினதுக்குக் காரணம், இந்த மனுசனின் வாழ்க்கையில் ஜோர்டான் புகுந்தது அந்த அட்டையில் மட்டுமில்லை. 1988 பெப்ரவரியில் வின்சென்ட் சியாட்டில் அணியில் இருந்து சிக்காகோவுக்கு மாறி, ஜோர்டானோடு ஒரே அணியில் விளையாடினார். அவருடைய இடம் பொயின்ட் கார்ட்: பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தைத் தொடக்கி வைக்கிற ஆள். 1989 மார்ச்சில் பயிற்சியாளர் டக் கொலின்ஸ் ஒரு யோசனை எடுத்தார். அந்த இடத்தில் ஜோர்டானையே விட்டால் என்ன? விட்டார். ஜோர்டான் 11 ஆட்டங்களில் 10 முறை புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம் எடுத்தார். வின்சென்டின் இடம் போனது.

அந்த வருசமே ஓர்லாண்டோ, மினசோட்டா என்று இரண்டு புது அணிகள் லீக்கில் சேர்ந்தன. பழைய அணிகள் தாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டாத வீரர்களை ஒதுக்கி வைக்க, மிச்சமிருந்தவர்களில் இருந்து புது அணிகள் ஆள் எடுத்தன. சிக்காகோ ஒதுக்கி வைத்தவர்களில் வின்சென்ட் இல்லை. ஓர்லாண்டோ எடுத்தது. சரி, புது ஊர், புது அணி, ஜோர்டானின் நிழல் இனி இல்லை என்று மனுசன் மூச்சு விட்டிருப்பார். அடுத்த வருசம் அவருடைய அட்டை அச்சாகி வருகிறது. அதில் ஆர் நிற்கிறது?

இதோடும் முடியவில்லை. 2007இல் ஷார்லட் பொப்கட்ஸ் அணிக்கு வின்சென்ட் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்த அணியின் பங்காளிகளில் ஒருவரும், விளையாட்டு விசயங்களுக்குப் பொறுப்பானவரும் மைக்கேல் ஜோர்டான். அணி 32 ஆட்டங்களில் வென்று 50இல் தோற்றது. ஒரே பருவத்தோடு, 2008 ஏப்ரலில் வின்சென்டை நிப்பாட்டிவிட்டார்கள். இதை ஆராவது படமாக எடுத்தால் 'நம்ப முடியாத திரைக்கதை' என்று நாங்களே விமர்சனம் எழுதுவோம்.

இவ்வளவுதான் கதை என்றால் நானும் சிரித்துப்போட்டுப் படுத்திருப்பேன். ஆனால் இதெல்லாம் வின்சென்டின் வாழ்க்கையை ஜோர்டான் நிற்கிற பக்கத்தில் இருந்து பார்த்துச் சொன்ன கதை. அதே ஆளை ஒருக்கா மற்றப் பக்கத்தால் பாருங்கோ.

மிச்சிகன் மாநிலத்தில் ஒவ்வொரு வருசமும் சிறந்த பாடசாலை வீரருக்குக் கொடுக்கிற 'மிஸ்டர் பாஸ்கட்போல்' விருதை முதன்முதலாகப் பெற்றவர் சாம் வின்சென்ட், 1981இல். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு விளையாடி, 1985இல் முதல் சுற்றிலேயே பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குத் தெரிவானார். அடுத்த வருசம் அந்த அணி சம்பியன். அதாவது அந்த அட்டைப் படம் எடுத்த இரவில், படத்தில் இருக்கிற இரண்டு பேரில் சம்பியன் மோதிரம் வைத்திருந்தவர் வின்சென்ட். ஜோர்டானுக்கு முதல் கிண்ணம் கிடைத்தது 1991இல்தான்.

நான் திரும்ப எழும்பி இருந்தது இந்த இடத்தில்தான். "துணை நடிகர்" என்று நான் சொன்ன ஆளிடம் அன்றைக்கு இருந்தது, "கதாநாயகன்" என்று நான் நினைத்த ஆளிடம் இருக்கவில்லை.

இன்னும் இருக்கு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நைஜீரியப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் வின்சென்ட். அந்த அணி தென்கொரியாவை வென்றது. ஆபிரிக்கப் பெண்கள் அணி ஒன்று ஒலிம்பிக் கூடைப்பந்தில் பெற்ற முதல் வெற்றி அது. 2006 உலகச் சம்பியன்சிப்பில் நைஜீரிய ஆண்கள் அணியோடு போனார். சேர்பியா-மொண்டெனேகுரோவை வென்றார்கள். அடுத்த சுற்றில் டேர்க் நொவிட்ஸ்கியின் ஜெர்மனியிடம் ஒரேயொரு புள்ளியில் தோற்றார்கள். இந்த இரண்டு கதைக்குள்ளும் ஜோர்டான் எட்டிக்கூடப் பாக்கேல்ல.

கலைப்பீடத்தில் எங்களுக்கு முதலாம் வருசத்திலேயே சொல்லித் தருவினம்: ஒரு படத்தைப் பார்த்தால் யார் நடுவில், யார் ஓரத்தில், அப்படி வைத்தது யார் என்று கேள் எண்டு. நாங்களும் பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதுவோம். ஆனால் இந்த அட்டையில் பந்து வின்சென்டின் கையில், பெயர் வின்சென்டினது. அவரை ஓரத்தில் தள்ளியது அட்டை இல்லை, என்ர கண்.

இந்த அட்டைக்கு இரண்டாவது பதிப்பும் இருக்கிறது. ஹூப்ஸ் பிறகு படத்தை மாற்றி அதே 223ஆம் இலக்கத்தைத் திரும்ப வெளியிட்டது. அதில் வின்சென்ட் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறார், ஜோர்டான் இல்லை. சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் முதலாவது 'பிழையானது', இரண்டாவது 'திருத்தப்பட்டது'. எல்லாரும் தேடுகிறது பிழையானதைத்தான். தனக்கென்று சரியாகச் செய்த அட்டையில் தனியாக நிற்கிற வின்சென்டை ஒருத்தரும் தேடி அலைகிறதில்லை. தேடப்படுகிற அட்டைக்கும் பெரிய விலை இல்லை என்பது வேற கதை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அட்டைகளை அள்ளி அள்ளி அச்சடித்தார்கள். அந்தக் காலத்துப் பொதிகளுக்கு இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கிற பட்டம் 'குப்பை' என்று அர்த்தப்படுகிறது.

இதே தொடரில் இன்னொரு அட்டையும் பேர்போனது. நியூயோர்க் நிக்ஸின் மார்க் ஜாக்சன் பந்தோடு நிற்க, பின்னால் முன்வரிசைக் கதிரைகளில் இரண்டு இளைஞர்கள். அவர்கள் பெற்றோரைச் சுட்டுக் கொன்ற மெனண்டஸ் சகோதரர்கள் என்பதை 2018இல்தான் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அதோடு அந்த மலிவு அட்டைக்கு ஒரே அடிபிடி. மார்க் ஜாக்சன் லேசுப்பட்ட ஆளில்லை. 2004இல் விளையாட்டை விட்டபோது என்.பி.ஏ. வரலாற்றில் அதிக அசிஸ்ட் கொடுத்தவர்களில் இரண்டாவது இடம். ஆனால் வாங்குகிறவர்கள் பார்க்கிறது அவருக்குப் பின்னால் இருக்கிறவர்களை.

இதை வாசித்துவிட்டு "அதுக்கு என்ன செய்யிறது? ஜோர்டான் நிண்டா ஜோர்டானைத்தானே பாப்பம்" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜோர்டானைப் பார்க்கிறதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. நானும் அவரைத்தான் பார்த்தேன். என்ர முறைப்பாடு அடுத்த படியில். பெரிய ஆளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரே காரணத்துக்காக மற்ற ஆளைப் 'பாவம்' ஆக்கிவிடுகிறோமே, அதில். 1989-90இல் என்.பி.ஏ.யில் இருந்தது 27 அணிகள். அணிக்கு 12 பேர் என்று கணக்குப் போட்டாலும் முழு லீக்கிலும் 324 இடம்தான். அந்த இடங்களில் ஒன்றில் இருந்தவரைப் பார்த்து, பாடசாலை அணியில் கதிரை சூடாக்கின நான் பரிதாபப்பட்டிருக்கிறேன். உண்மையான பகிடி அதுதான்.

இந்தப் பழக்கம் அட்டையோடு நிற்கிறதும் இல்லை. எங்கட குழுப் படங்களை யோசித்துப் பாருங்கோ. நல்லாக் கதைக்கிற ஒருத்தன் மேடையில் ஏறி சமர்ப்பிப்பான். பின்னால் நின்று இரவிரவாகத் தரவு சேர்த்தவள் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பாள். பேஸ்புக்கில் அவனைத்தான் ராக் பண்ணுவோம். பிறகு ஆராவது கேட்டால், "அவளும் இருந்தவள் எண்டு நினைக்கிறன்" என்போம்.

கடைசியாக ஒன்று. அந்தக் காதலர் தின ஆட்டத்தில் 12ஆம் எண் ஜோர்டான் 43 தடவை எய்து 49 புள்ளி எடுத்தார். இந்த அட்டையைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் அந்த 49ஐச் சொல்லுவினம். ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போய் 135-129 என்று முடிந்தது. வென்றது ஓர்லாண்டோ. அந்தப் பருவம் முழுக்க 82 ஆட்டங்களில் 18ஐ மட்டும் வென்ற அணி அது. அந்தப் பதினெட்டில் ஒன்று இது.

அறை நண்பனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அப்ப இந்தப் படத்தில வெண்ட ஆள் வின்சென்டா?" என்றான்.

ஓம் மச்சான். பெயரும் அவற்றதான், போட்டிருக்கு பார்.