கேளாமல் பேசலாமா?

'லத்தீனோ மக்கள் ஒரே வாக்குக் கூட்டம்; அமெரிக்காவோடு மனத்தால் ஒன்றாதவர்' என்பார் உளர். அம்மக்களைக் கேட்டறிந்தனரோ என வினவுகிறோம். 2018இல் மறைந்த அரசியல் அறிஞர் ரொடோல்ஃபோ டி லா கார்சா கேட்டார். 1989-90இல் அவரும் உடன் ஆய்வாளரும் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா வழியினரிடம் ஆய்வு நிகழ்த்தினர். பெரும்பாலோர் பொதுப்பெயரை விடுத்துத் தத்தம் பூர்வீகப் பெயரையே விரும்பினர். அமெரிக்காவின்மீது பற்றும் காட்டினர். குடியேறுவோர் மிகுந்துவிட்டனர் என்றோரும் அவர்களே!

ஒருமித்த குரல் இல்லையெனில் வாக்குரிமைப் பாதுகாப்பு எதற்கு என்பது அடுத்த வாதம். இதனை மறுக்கிறோம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 1981இல் வரைந்த தொகுதி எல்லைகள் இம்மக்களின் வாக்கை வேண்டுமென்றே சிதறடித்தன என 1990இல் நீதிமன்றம் தீர்த்தது. கருத்தில் வேறுபடலாம்; வாக்கின் மதிப்பில் வேற்றுமை ஆகாது.