கட்டடங்களைப் பார்க்கக் கற்போம்

காமிராவுடன் கூடிய கைபேசி இல்லாத மாணவர் இன்று அரிது. ஆனால் ஒரு கட்டடத்தின் முன் நின்று அதை முழுமையாகப் பார்க்கும் மாணவர் அதனினும் அரிது! அண்மையில் சென்னைக் கடற்கரைச் சாலையில் வழிகாட்டி ஒருவருடன் நடந்தபோது நானும் அத்தகையவன்தான் என்பதை உணர்ந்தேன்.

1842இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட இன்றைய விவேகானந்தர் இல்லம், ராபர்ட் சிஷோம் வடிவமைத்த மாநிலக் கல்லூரி, ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை, 1879இல் நிறைவுற்ற செனட் மாளிகை என்று வரிசையாகக் கண்டோம். காமிராவை அண்ணாந்து பிடித்தேன். படத்தில் கோபுரங்கள் பின்னோக்கிச் சாய்ந்தன.

"கட்டடம் சாயவில்லை தம்பி, உன் காமிராதான் சாய்ந்திருக்கிறது" என்றார் வழிகாட்டி. சற்றுப் பின்னே சென்று காமிராவை நேராகப் பிடித்தேன், சுவர்கள் நிமிர்ந்தன. கடலை நோக்கிய முகப்புகளுக்குக் காலை வெயிலே உகந்தது என்பதையும் அன்று கற்றேன்.

இது வெறும் பொழுதுபோக்கா? 2012 சனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் தீக்கிரையாயிற்று. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. அத்தகைய வேளையில், நேராக எடுத்த ஒரு படம் எத்தனை வளைவு, எத்தனை சாளரம் என்று சாட்சி சொல்லும். நாம் எடுக்கும் செல்ஃபியோ நம் முகத்தை மட்டுமே காட்டும்!

ஆண்டுதோறும் தொலைதூரச் சுற்றுலா செல்லும் நாம், ஒரு காலைப்பொழுதில் நம் ஊர்த் தெருக்களிலும் நடந்தால் என்ன? வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டட்டும். பழைய வீடொன்று இடிபடுமுன் அதன் படமாவது நம் நூலகம் வந்து சேரட்டும்.