ஆபீசர் ஓட்டிய மின்சார கார் பாதி விலைக்கு வாங்கலாமா? பேட்டரியைப் பார்க்காமல் பணத்தை நீட்டினால் ஆபத்து!

கம்பெனி மானேஜர் 3 வருடம் ஓட்டிய மின்சார கார். குளுகுளு ஏ.சி., மெத்தென்ற சீட், டி.வி. மாதிரி திரை. புதுசாக வாங்கினால் ரூ.16 லட்சம். புரோக்கர் கேட்பதோ ரூ.8 லட்சம்!

"பெட்ரோல் செலவே கிடையாது சார், லட்டு மாதிரி வண்டி" என்பார் புரோக்கர். கேட்பவருக்கு ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் பாதி விலைக்கு ஏன் கொடுக்கிறார்கள்? அதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்தால் பிறகு தலையில் துண்டுதான்!

அதிகாரிகளின் புலம்பல்

மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். 2017-ம் ஆண்டில் 10 ஆயிரம் மின்சார கார்களுக்கு டெண்டர் விட்டது. அரசு அதிகாரிகளுக்காக டாடா டிகோர், மகிந்திரா இ-வெரிட்டோ கார்கள் வந்தன.

அடுத்த வருடமே புகார் கிளம்பியது. முழுசாக சார்ஜ் செய்தும் 80 கிலோமீட்டர் கூட போகவில்லை என்று அதிகாரிகள் முணுமுணுத்தார்கள். புது வண்டிக்கே அந்தக் கதி என்றால், அந்தக் காலத்து வண்டியை இன்று வாங்குபவர் நிலை என்ன?

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் கம்பெனி 2021-ல் ஒரு லட்சம் டெஸ்லா கார் வாங்கப் போவதாகத் தம்பட்டம் அடித்தது. 2024 ஜனவரியில் சுமார் 20 ஆயிரம் மின்சார கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. ரிப்பேர் செலவு கையைக் கடித்தது. டெஸ்லா புதுக் காரின் விலையைக் குறைத்ததால் பழைய காரின் மதிப்பும் சடசடவென்று சரிந்தது.

ஆக, விலை சரிவுக்கு வண்டியின் கோளாறு மட்டும் காரணம் அல்ல. வருடா வருடம் புது மாடல், கூடுதல் தூரம் ஓடும் பேட்டரி என்று வருவதால் பழசுக்கு மவுசு குறைகிறது. வாங்குபவருக்கு இது லாபம்தான். பேட்டரி நன்றாக இருந்தால்!

உயிர்நாடி பேட்டரி

பெட்ரோல் காரில் என்ஜின் போனால் புதுப்பேட்டையில் தேடி வாங்கி மாட்டலாம். மின்சார காரில் அந்தப் பேச்சே கிடையாது. காரிலேயே அதிக விலை உள்ள பாகம் பேட்டரிதான்.

சின்னக் கணக்கு ஒன்று. பேட்டரியில் 30 யூனிட் பிடிக்கும், ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். புதுசில் 210 கிலோமீட்டர். பேட்டரியின் தெம்பு 70 சதவீதமாகிவிட்டால் 147 கிலோமீட்டர்தான். ஏ.சி. போட்டு, நெரிசலில் ஊர்ந்தால் அதுவும் குறையும்.

சாதாரணமாக ஓடிய வண்டியில் பேட்டரி இவ்வளவு வேகமாகத் தேய்வதில்லை. வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் கொளுத்தும் வெயிலும், தினமும் அவசர சார்ஜ் ஏற்றுவதும் அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

எனவே கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சோதித்து, எழுத்தில் ரிப்போர்ட் வாங்க வேண்டும். "அதெல்லாம் எதுக்கு சார்?" என்று புரோக்கர் இழுத்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. இதில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. "ஆயுள் முழுக்க வாரண்டி" என்ற விளம்பரத்தை நம்பி ஏமாறக் கூடாது. முதல் சொந்தக்காரருக்கு மட்டும் என்று நிபந்தனை போட்ட கம்பெனிகளும் உண்டு.

டாக்சியா? வெள்ளத்தில் மூழ்கியதா?

மின்சார காருக்குப் பச்சை நம்பர் பலகை. சொந்த வண்டி என்றால் வெள்ளை எழுத்து. வாடகை வண்டி என்றால் மஞ்சள் எழுத்து. பலகையை மாற்றிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆர்.சி. புத்தகத்தின் பூர்வ கதையைக் கேட்க வேண்டும்.

கடன் பாக்கியும் கவனிக்க வேண்டிய சங்கதி. ஜென்சால் கம்பெனி 6,400 மின்சார கார் வாங்க ரூ.663 கோடிக்கு மேல் கடன் பெற்று, 4,704 கார்தான் வாங்கியது என்று 2025 ஏப்ரல் 15-ல் 'செபி' இடைக்கால உத்தரவில் கூறியது. அந்தக் கார்களை ஓட்டிய புளூஸ்மார்ட் டாக்சி சேவையும் அதே மாதம் படுத்துவிட்டது. கம்பெனி வண்டி என்றால் ஓட்டியவர் ஒருவர், சொந்தக்காரர் வேறு, கடன் கொடுத்தவர் இன்னொருவர் என்று இருக்கலாம். பாங்கியின் தடையில்லாச் சான்று இல்லாமல் பணம் கைமாறக் கூடாது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கவலை, வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கார்கள் தண்ணீரில் கிடந்ததை ஊரே பார்த்தது. அப்படி மூழ்கிய வண்டியைத் துடைத்து, சென்ட் அடித்து நிறுத்தினால் யாருக்குத் தெரியும்? இன்சூரன்சில் நஷ்டஈடு வாங்கிய வண்டியா என்று துருவிப் பார்ப்பது நல்லது.

வரி குழப்பம்

2024 டிசம்பர் 21-ல் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய மின்சார கார் விற்பனைக்கான வரியை 12-லிருந்து 18 சதவீதமாக உயர்த்தியது. முழு விலைக்கும் வரி என்று பலர் பதறினார்கள். அப்படி அல்ல. வியாபாரியின் லாபத்துக்கு மட்டுமே வரி.

வியாபாரி ரூ.7 லட்சத்துக்கு வாங்கி ரூ.8 லட்சத்துக்கு விற்றால், ரூ.1 லட்சத்துக்குத்தான் 18 சதவீதம். அதாவது ரூ.18 ஆயிரம். முன்பு ரூ.12 ஆயிரம். தனி ஆள் தன் காரை இன்னொரு தனி ஆளுக்கு விற்றால் இந்த வரியே கிடையாது. ஆகவே "வரி ஏறிப்போச்சு" என்று விலையை ரூ.1 லட்சம் ஏற்றினால் அது வெறும் கப்சா!

யாருக்குக் கட்டும்?

வாங்கும் முன் வீட்டைப் பார்க்க வேண்டும். 15 ஆம்பியர் பிளக்கில் 30 யூனிட் ஏற்ற சுமார் 10 மணி நேரம் ஆகும். அடுக்குமாடி வாசிகள் தங்கள் மீட்டரிலிருந்து கார் நிறுத்தும் இடத்துக்கு ஒயர் இழுக்கச் சங்கத்தின் சம்மதம் பெற வேண்டும். அது கிடைக்காவிட்டால் வெளி சார்ஜ் நிலையத்தில் காத்துக் கிடந்து, கூடுதல் காசு கொடுக்க வேண்டியதுதான்.

தினமும் 50, 60 கிலோமீட்டர் ஓடுபவர், வீட்டிலேயே சார்ஜ் வசதி உள்ளவர், வாரண்டி இன்னும் 4 வருடமாவது பாக்கி உள்ள வண்டி. இந்த மூன்றும் சேர்ந்தால் தைரியமாக வாங்கலாம். பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம்.

வாரத்தில் ஒரு நாள் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுப்பவருக்கு மிச்சமாகும் பெட்ரோல் காசு, போட்ட ரூ.8 லட்சத்துக்கு வட்டி கட்டவே காணாது. அவர் ஆட்டோவில் போவதே மேல்!