5 ஆண்டு ஆட்சி, 99 ஆண்டுக் குத்தகை!

மதுரையிலிருந்து தெற்கே புறப்படுகிறோம். திருமங்கலத்தை எட்டுமுன் கப்பலூரில் வண்டி நிற்கிறது. நிறுத்தியது காவல்துறையல்ல, சுங்கச்சாவடி! காசு கொடுத்தால் கம்பம் உயரும், இல்லையேல் நிற்கவேண்டியதுதான். தம் ஊரை ஒட்டி நிற்கும் இச்சாவடியை எதிர்த்துத் திருமங்கலத்து மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினர், கடையடைத்தனர், மறியல் செய்தனர். தேர்தல்கள் வந்தன, போயின. வேட்பாளர்கள் வாக்குறுதி வழங்கினர், வாக்குப் பெற்றனர். சாவடி மட்டும் பெயரவில்லை.

ஏன் பெயரவில்லை? வாக்குச்சீட்டு எட்டாத உயரத்தில் ஒரு பத்திரம் இருக்கிறது; அதனால்தான்! அந்தப் பத்திரத்தின் வலிமையை விளங்கிக்கொள்ள, தோழர்களே, கடல் கடந்து இலங்கைவரை சென்று திரும்புவோம். அங்கே குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆகவே, ஒருவர் பேசிய பொருளாதாரத்தையும் மற்றொருவர் பேசிய பொருளாதாரத்தையும் அருகருகே வைத்து எடைபோடுவது எளிது.

வலதுசாரி வேட்பாளர் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர், 2019-இல் வென்ற கோத்தபாய ராஜபக்ச. தாய்நாடு, பாதுகாப்பு, இனப்பெருமை — இவை அவருடைய முழக்கங்கள். மற்றவர், 2024-இல் போட்டியிட்டு மூன்றாமிடம் பெற்ற ரணில் விக்கிரமசிங்க. சந்தை, முதலீடு, சீர்திருத்தம் — இவை அவருடைய மந்திரங்கள்.

முன்னவர் பதவியேற்றதும் வரியைக் குறைத்தார். 15 விழுக்காடாக இருந்த மதிப்புக் கூட்டு வரி, 2019 டிசம்பரில் 8 ஆயிற்று. வள்ளல் என்றனர் வணிகர். கருவூலமோ காய்ந்தது. பெருந்தொற்றும் சேர்ந்து தாக்கியது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென்று நாடே கைவிரித்தது. பின்னவர் வந்தார், பன்னாட்டு நாணய நிதியத்தின் கையைப் பிடித்தார், அதே வரி 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. அரசின் விமான நிறுவனத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனப் பங்குகளையும் விற்கத் திட்டமிட்டார். ஒருவர் குறைத்தார், ஒருவர் கூட்டினார்; வடக்கும் தெற்கும்போல வேறுபாடு என்பீர்கள். வரியில் வேறுபாடு உண்மைதான். துறைமுகத்திலும் காற்றாலையிலும் என்ன செய்தனர்?

அம்பாந்தோட்டைத் துறைமுகம், கோத்தபாயவின் அண்ணன் மகிந்த ஆட்சியில் சீனக் கடனில் கட்டப்பட்டு 2010-இல் திறக்கப்பட்டது. துறைமுகம் வந்தது, எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. 2017-இல், ரணில் தலைமை அமைச்சராக இருந்தபோது, 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாக அது சீன நிறுவனத்திடம் சென்றது. கொதித்தெழுந்தனர் தாய்நாட்டுக் காவலர்கள்! கோத்தபாய வென்றார், குத்தகை தவறென்றார், திருத்துவோமென்றார். சில வாரங்களில், வணிக ஒப்பந்தத்தைத் தொடப்போவதில்லை என்று தணிந்தார். முழக்கமிட்டவர் நாட்டின் தலைவர். எனினும் பத்திரமே வென்றது.

இன்னும் கேளுங்கள். கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தில் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் பங்களிக்கும் உடன்பாட்டை, 2021 பிப்ரவரியில் கோத்தபாய ஆட்சி கைவிட்டது. துறைமுகத் தொழிலாளர் கண்ட வெற்றி அது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், அதே துறைமுகத்தின் மேற்கு முனையம் 35 ஆண்டுகளுக்கு அதானி குழுமம் முன்னின்ற கூட்டுக்குப் போயிற்று: அதானிக்கு 51 விழுக்காடு, உள்ளூர்ப் பெருநிறுவனமொன்றுக்கு 34, நாட்டின் துறைமுக அதிகார சபைக்கு 15. கிழக்கு வாயிலை அடைத்த கை, மேற்கு வாயிலைத் திறந்துவிட்டது!

நம் இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையான மன்னாரில் காற்றாலைத் திட்டம். அதற்கான புரிந்துணர்வு, கோத்தபாய காலத்தில், 2022-இல் கையெழுத்தானது. அலகுக்கு 8.26 அமெரிக்கச் சென்ட் என்ற விலை, ரணில் காலத்தில், 2024-இல் ஏற்கப்பட்டது. ஒருவர் இட்ட கோலத்துக்கு மற்றவர் புள்ளி வைத்தார்! விலையைக் குறைக்கவேண்டுமென்று அடுத்து வந்த அரசு கேட்டது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இதுவே சான்று.

இருவரும் கட்டிய கொடி வேறு, கட்டிக்கொடுத்த குத்தகை ஒன்று. ஐந்தாண்டுக்கென மக்கள் ஒருவரை அமர்த்துகின்றனர். அவரோ 35 ஆண்டுக்கும் 99 ஆண்டுக்கும் கையெழுத்திடுகிறார். இது வரியல்லாத வரி. வாக்களித்து மாற்றமுடியாத வரி. 2017-இல் பிறந்த குழந்தை, குத்தகை முடியும் 2116-இல் உயிரோடிருந்தால் தொண்ணூற்றொன்பது வயதுக் கிழமாயிருக்கும். அக்குழந்தையிடம் ஒப்புதல் கேட்டவர் யார்?

அப்படியானால் தனியார் என்றாலே தீது, அரசு என்றாலே தெய்வமா? நாம் அப்படிச் சொல்லவில்லை. எந்தத் தெய்வத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பாதவர்கள், அரசுடைமைக்கு மட்டும் ஏன் கைகூப்பவேண்டும்? கப்பல் வருமா என்று கணக்கிடாமல் கடன் வாங்கிக் கட்டியது ஓர் அரசுதானே! நம் வீட்டுக் குறையையும் மறைக்கவேண்டாம். 2025 ஜூலையில், மதுரை–கன்னியாகுமரி நெடுஞ்சாலையின் நான்கு சுங்கச்சாவடிகளுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாய் என்று கணக்கு வந்தது. கப்பலூரும் அந்நான்கில் ஒன்று. அரசுப் பேருந்துகளை அவ்வழியே விடக்கூடாதென்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, பின்னர் அதைத் தள்ளிவைத்தது. மக்கள் பேருந்து, மக்கள் நெடுஞ்சாலையில், கட்டணம் கட்டாமல் கைகட்டி நிற்கும் காட்சி! சாலையில் தனியார் பத்திரம், பேருந்தில் அரசின் பாக்கி. நடுவில் நசுங்குவது மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பேருந்துக்குக் காத்திருக்கும் உழவனும் கூலியாளும்.

மதுரைக்கு வேறொரு நினைவும் உண்டு. இந்நகரின் தனியார் பேருந்துகள் ஒரு காலத்தில் நேரந்தவறாமைக்குப் பெயர் பெற்றவை. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவை ஓடியது, சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டிய உரிமத்தில். ஆகவே, மக்கள் தேர்ந்தெடுத்த அரசு 1970-களின் தொடக்கத்தில் வேறு வழி தேர்ந்தபோது, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறக்கமுடிந்தது. சரியோ தவறோ, முடிவை மாற்றும் உரிமை மக்களிடம் இருந்தது. அவ்வுரிமைதான் நீண்ட குத்தகையில் பறிபோகிறது.

மாற்று வழியே இல்லையா? உண்டு. தென்னமெரிக்காவின் சிலி, தனியார்மயத்தின் தாய்வீடு எனப்படும் நாடு. அங்கேகூட, தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வால்பரைசோ செல்லும் சாலையை 1998-இல் ஏலம்விட்டபோது ஒரு விதி வைத்தனர்: மொத்தத்தில் குறைந்த வருவாய் கேட்பவருக்கே சாலை, அத்தொகை சேர்ந்த நாளில் குத்தகை முடியும். வண்டிகள் பெருகினால் காலம் சுருங்கும். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

2021-இல் ஒன்றிய அரசு, 6 இலட்சம் கோடி ரூபாய் திரட்டுவதற்கென்று பொதுச் சொத்துகளின் பட்டியலொன்றை வெளியிட்டது. மதுரை விமான நிலையமும் அதில் இருந்தது. எனவே இது பிறர் வீட்டுக் கதையன்று.

இளைஞர்களே! உங்கள் ஊர் மேடைக்கு எக்கொடி வந்தாலும், எத்தலைவர் வந்தாலும், கைதட்டுமுன் கேளுங்கள்: எத்தனை ஆண்டு? போட்டி ஏலமுண்டா? கட்டணத்தை உயர்த்துவது யார்? நட்டம் வந்தால் யார் தலையில்? இடையில் மீட்க வழியுண்டா? பத்திரத்தை மக்கள் முன் வைப்பீரா?

இது மதுரை. ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி அரசவை ஏறிக் கணக்குக் கேட்ட ஊர் என்று காவியம் சொல்லும் மண். அவள் வெறும் கண்ணீரோடு நிற்கவில்லை; சிலம்பை உடைத்தாள், உள்ளிருந்தது முத்தல்ல என்று காட்டினாள். நாமும் முழக்கத்தின் பளபளப்பைப் பார்த்து நின்றது போதும். ஒப்பந்தத்தை உடைப்போம், உள்ளிருப்பதைக் காண்போம், பிறகு வாக்களிப்போம்!