துண்டுத்துணிப் போர்வையும் தையற்கூலியும்

தறியினின்று இறங்கிய துணியை வெட்டித் தைத்த பின் எஞ்சும் துண்டுகளும் நெசவாளரின் உழைப்பே. அவற்றை வீணென்று ஒதுக்குவது கூட்டுறவின் சிக்கனத்துக்கு அழகன்று. பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரையுள்ள கடற்கரையில், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளங்களில் வேலை நின்றுவிடுகிறது. அம்மாதங்களில் வீட்டிலிருந்தே பெண்கள் செய்யத்தக்க தொழில்களுள் துண்டுத்துணிப் போர்வை தைத்தலும் ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிய பிறகு, ஆரோவில்லின் உபாசனா நிலையம் 2005இல் மீனவப் பெண்களுக்குக் கழிவுத் துணியில் 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மை செய்யக் கற்பித்ததை இவ்வட்டாரத்தார் அறிவர். துண்டுத்துணியும் ஊசியும் ஒரு குடும்பத்துக்குத் துணை நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும், போர்வைத் தொழிலில் ஈடுபடும் சங்கங்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்குவது பாதி வேலைதான். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிணைக்கும் தையலே அதைப் போர்வையாக்குகிறது. அத்தையலுக்கு எந்த வடிவம், எந்த நூல் என்பதை அழகு மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. அது கூலியைப் பற்றிய கேள்வியுமாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நீளம் 90 அங்குலம், அகலம் 60 அங்குலம் உள்ள போர்வையில், இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரியாக நீளவாக்கில் ஓட்டுத்தையல் போட்டால், சுமார் 30 வரிகள், 2,700 அங்குலம், அதாவது 75 கஜம் தையல் ஆகிறது. அதே இடைவெளியில் குறுக்கேயும் வரிகள் போட்டுக் கட்டமாக்கினால் 150 கஜம். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்று கொண்டால், முன்னதற்கு 21,600 தையல், பின்னதற்கு 43,200. பூவும் கொடியும் வளையமும் வேண்டுமென்றால் கணக்கு மேலும் ஏறும். போர்வை ஒன்றுக்கு இவ்வளவு கூலி என்று பேசிவிட்டு, பின்னர் வடிவத்தை மட்டும் மாற்றச் சொல்வது, தைப்பவரின் கண்ணிலிருந்தும் முதுகிலிருந்தும் பாதிக் கூலியைப் பிடித்துக்கொள்வதற்கு ஒப்பாகும். ஆகவே, கூலியைத் தையலின் நீளத்தைக் கொண்டு நிர்ணயிப்பதே நியாயம்.

அதிக வேலை அதிக அழகு தரும் என்பதும் எப்போதும் உண்மையன்று. கட்டமும் கோடும் பல நிறமும் நெருங்கிய கைத்தறித் துண்டுகளின்மேல் நுட்பமான பூத்தையல் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடும். அங்கே நேர்வரியே போதும். ஒரே நிறத்தில் அகன்ற துண்டு வரும் இடத்தில்தான் வடிவத்தையல் விளங்கித் தோன்றும். சிரமத்தை அங்கே செலவிடலாம். நடு அடுக்கும் இதில் சம்பந்தப்பட்டது. இடையே பஞ்சைப் பரப்பினால், அது திரளாமல் இருக்க நெருக்கமான தையல் வேண்டும். வங்காளத்துக் காந்தாவில் போல, பழைய மெல்லிய புடவைகளையே அடுக்காக வைத்தால் வரிகளைச் சற்று விலக்கியும் தைக்கலாம். புழுக்கம் மிகுந்த நம் கடலோரத்துக்கு அவ்வித மெல்லிய போர்வையே ஏற்றது.

இனி நூல். பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே பொருந்தும். துணியைவிட வலிய செயற்கை நூல், இழுபடும்போது தான் அறாமல் துணியை அறுத்துவிடக்கூடும். அறுந்த நூலை மறுபடி தைத்துவிடலாம். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட நேரும். நூலின் எண் ஏற ஏற நூல் மெலியும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கைத்தையலுக்குச் சற்றுப் பருமனான, முறுக்கேறிய நூல் நல்லது. ஒரு முழத்துக்கு மேல் ஊசியில் கோக்காமல், தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. பல நிறத் துண்டுகளுக்கு மங்கிய பழுப்பு அல்லது சாம்பல் நிற நூல் ஒத்துப்போகும். அவுரிச் சாயத் துண்டுகளை நன்கு அலசிக் காயவைத்த பின்னரே இணைக்க வேண்டும். இல்லையேல் நீலம் ஒட்டி வெள்ளை நூல் கறைப்படும். மலிவு நூலில் மிச்சமாகும் சில ரூபாய், பல நாள் உழைப்பையும் சங்கத்தின் நற்பெயரையும் ஈடு செய்யாது.

வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பதையும் சிந்திக்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1966இல் கறுப்பினப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்னும் போர்வைக் கூட்டுறவை அமைத்தனர். பெரிய அங்காடிகளின் ஆர்டர்கள் அவர்களுக்கு வருமானம் தந்தன. ஆனால் அவை ஒரே அளவையும் ஒரே மாதிரியையும் கேட்டன. அச்சங்கம் 2012இல் மூடப்பட்டது. அதே வட்டாரத்தின் ஜீஸ் பெண்ட் பெண்கள் தம் வீட்டுக்கெனத் தம் விருப்பப்படி தைத்த போர்வைகளோ 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு உலகின் மதிப்பைப் பெற்றன. ஆர்டர் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. வாங்குவோர் சொல்லும் வடிவமே முடிவான வடிவம் என்று சங்கம் தலையசைக்கலாகாது என்பதே.

ஆகவே, போர்வைத் தொழிலை மேற்கொள்ளும் சங்கங்கள், அடுத்த மழைக்காலத்துக்கு முன் நிர்வாகக் குழுவிலே தைப்பவர்களையும் அமர்த்தி, மூன்று அல்லது நான்கு வடிவங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் தையல் நீளத்தையும் அதற்குரிய கூலியையும் எழுதி ஒட்டிவைக்கட்டும். நூலைச் சங்கமே மொத்தமாக வாங்கிக் கொடுக்கட்டும். துண்டுகளைச் சேர்ப்பதற்கு ஊசி போதும். உழைப்பவரைச் சேர்த்து வைப்பதற்கு நியாயமான கணக்கு வேண்டும்.