ஓலை காட்டி ஜெயித்த ஊரு!

நம்ம திருவெண்ணெய்நல்லூர் சபையிலதான் கிழவராக வந்த சிவபெருமான் மூல ஓலையைக் காட்டி, சுந்தரரை வழக்கில் ஜெயித்தார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

மஞ்சள் கதை தெரியுமா? மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம்ம பாட்டி வைத்தியம் அது! ஆனா வாயால் சொன்னா போதுமா? நம் நாட்டு சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டிய பிறகே 1997-ல் அது ரத்தானது.

அதனால் காப்புரிமை ஆவணங்களைப் படிக்க நாமும் பழகணும் என்பது என் கருத்து. முன்பெல்லாம் ஒவ்வொரு பக்கமாக டவுன்லோடு செய்யணும். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கத் தனி சாப்ட்வேர் தேவைப்பட்டது. இப்போ கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் தளங்களில் முழு ஆவணமும் இலவசம். மஞ்சள் காப்புரிமையின் எண் 5401504. தேடிப் பாருங்கள்!

இங்கிலீஷ் கஷ்டம்தான். ஆனால் படமும் செய்முறையும் உள்ளேயே இருக்கு. காப்புரிமைக் காலமான 20 வருஷம் முடிந்துவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொது. அறிவியல் கண்காட்சியில் வருஷா வருஷம் எரிமலையே வைக்கிறோமே, இதில் ஒன்றைச் செய்து பார்க்கலாமே!

வாரம் ஒரு கம்ப்யூட்டர் பீரியடை இதற்குத் தரும்படி ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

– 11-ஆம் வகுப்பு மாணவி