எடுப்பு, வசூல், போக்குவரத்து

குரங்கணிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் பறிப்பவர்கள் 'இது மூணாம் எடுப்பு' என்பார்கள். எடு என்னும் வினை பெயராகி, எண்ணவும் கூலி பேசவும் தோதாகிவிடுகிறது. பள்ளிப் புத்தகமோ இதைத் தொழிற்பெயர் என்று சொல்லி, விகுதிப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறது. அது போதாது. பக்கத்தில் பாரசீகத்தை வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். அங்கே 'ரஃப்தன்' என்றால் போதல்; அதுவே பெயராகவும் நிற்கும். விகுதியைக் கழற்றி 'ஆமத்-ஓ-ரஃப்த்' என்றால் வரவும் போக்கும், அதாவது நம்முடைய போக்குவரத்தேதான்! கூட்டுவினையில் உறவு இன்னும் நெருக்கம். அரபியிலிருந்து வாங்கிய 'வுசூல்' என்ற பெயரோடு 'கர்தன்' (செய்தல்) சேர்த்து வினையாக்குகிறது பாரசீகம். அதேபோல் போடி தாலுகாவில் வரி 'வசூல் செய்கிறார்கள்'. ரத்து செய், ஜப்தி செய் எல்லாமே இந்த வார்ப்புதான். இவற்றைக் கலப்படம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. பெயர்தான் வெளியூர், செய்தேன், செய்வார்கள் என்று காலமும் இடமும் காட்டி வாக்கியத்தை நடத்துவது தமிழ் வினை. வீட்டிலும் தோட்டத்திலும் கேட்ட இப்படிப்பட்ட சொற்களை எழுதிவரச் சொல்லி, ஆறாம் வகுப்பிலேயே இலக்கணப் பாடத்தைத் தொடங்கலாம்.